வீட்டில் வாசியுங்கோ

மாங்குளத்தில் பஸ்ஸை விட்டு
ஒட்டுசுட்டான் வீதிக்கு ஆட்டோ பிடித்தேன்.
மடியில் இருபத்தாறு படிவங்கள்.
தலைப்பு: இல்லங்களில் வளரும் கட்டிளம் பருவத்தினரின்
ஆபத்தான பாலியல் நடத்தைக்கு ஏதுவான காரணிகள்.
கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.
ஆட்டோக்காரருக்கு முன்னால் ஒரு கண்ணாடி இருக்கிறது.

கேற் அதே பச்சை.
மதில்தான் வளர்ந்திருக்கிறது.
றெஜினா அன்ரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தா,
பெயர் வரவில்லை அவவுக்கு.
“பதினேழெல்லே?”
ஓம் அன்ரி, பதினேழுதான்.
சட்டைக் கழுத்தில் சிவப்பு நூலால் தைத்த பதினேழு,
தோய்க்கிற கல்லில் மாறுப்படாமல் இருக்க.

பெயர் எழுத வேண்டாம்,
விருப்பமில்லாத கேள்வியை விடலாம்,
மனம் நொந்தால் நிறுத்தலாம்.
பயிற்சியில் சொல்லித்தந்தபடி சொல்லிமுடித்தேன்.
பென்சிலைக் கடித்தார்கள். ஒருத்தி சிரித்தாள்.
வெளியே பாலை மரத்தில் கச்சான் காற்று.

ஒன்பதாம் கேள்விக்கு நிதுர்சனா கை உயர்த்தினாள்.
‘நம்பிக்கையோடு கதைக்கக்கூடிய பெரியவர் ஒருவர் உமக்கு உண்டா?’
“அக்கா, மாசத்துக்கு ஒருக்கா வாற
நன்னடத்தை சேர் கணக்கோ?”
உமக்கு அப்படிப் பட்டால் போடும், என்றேன்.
கொஞ்சம் பொறுத்து, தாளைப் பார்த்தபடி,
“ஃபோனில மட்டும் கதைக்கிற ஆள்?”

யாருடைய ஃபோன் என்று நான் கேட்கவில்லை.
எங்கள் காலத்தில் அது அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தது,
ஏழு பேருக்கு ஒன்று, ஆளுக்குப் பத்து நிமிடம்.
மற்றப்பக்கம் எவனாக இருந்தாலும்
முதல் சொல் ஒன்றுதான்:
சாப்பிட்டியா?

இங்கே மணி அடித்தால் சாப்பாடு.
நேரம் தவறாது. பொய் சொல்லக்கூடாது,
புதன்கிழமை முட்டையும்.
எட்டு வருடத்தில் ஒருவரும் என்னிடம்
சாப்பிட்டியா என்று கேட்டதில்லை.
கேட்கத் தேவை இருக்கவில்லை.

பத்தாம் வகுப்பு, சுகாதாரப் புத்தகம்.
அந்தப் பாடம் வந்ததும் டீச்சர்
பக்கங்களைச் சேர்த்து ஸ்ரேப்ளரால் குத்தச் சொன்னா.
“இதை வீட்டில வாசியுங்கோ. அம்மாட்டைக் கேளுங்கோ.”
வகுப்பில் இல்லத்துப் பிள்ளைகள் ஆறு பேர்.
நாங்களும் குத்தினோம்.
பக்கத்தில் சுபாங்கினி, பதினெட்டாம் இலக்கம்,
இரண்டு கம்பி கூடவே குத்தினாள்.
சொல்வழி கேட்கிற பிள்ளை என்று அவளுக்குப் பெயர்.

அந்த மாரியில் அவள் மதிலால் போனாள்.
மறு கிழமை மேசன் வந்து இரண்டு வரிக் கல் கூட்டினார்.
எனக்குப் பிறகு யார் யார் போனார்களோ,
எண்ணிப்பார்த்தேன், இன்னும் நான்கு வரி.

முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் ஒருமுறை கண்டேன்.
அவன் அலுவலாகப் போயிருக்கிறானாம்,
சம்பளம் எடுத்ததும் வருவானாம்.
துவாயில் சுற்றிய பிள்ளையைத் தோள் மாற்றிவிட்டுக்
கேட்டாள்: பதினேழு, சாப்பிட்டியா?

படிவங்களைத் திரும்ப எண்ணினேன். இருபத்தாறு.
ஒன்பதில் பத்தொன்பது பேர் ‘ஆம்’.
யார் என்று எழுதக் கோடு இல்லை.
கொழும்பில் இதைப்
பாதுகாப்புக் காரணிகளுக்குள் சேர்ப்பார்கள்.

பெயர் இல்லாவிட்டாலும் நிதுர்சனாவின் தாளைத் தெரிந்தது.
புள்ளடி போட்டு, அழித்து, போட்டு, அழித்து
அந்த இடத்தில் தாள் மெலிந்து
வெளிச்சம் வந்தது.

கேற்றடி வரை கூடவே வந்தாள்.
“அக்கா, திரும்ப வருவியளோ?”
பயிற்சியில் இதற்குப் பதில் தரவில்லை.
நீ சாப்பிட்டியா என்று
கேட்க வாயெடுத்தேன்.
மணி அடித்தது.